சீவாளியும் வட்டக்கோணப்பகுதியும்

(மாவட்ட அளவிலான ஆசிரியர் பயிற்சி முகாமில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கண் சொக்கும் வேளை இது. அதனால் பேசத் தொடங்கும் முன்பே ஒரு பொருளை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். சுற்றி அனுப்புங்கள். அழுத்த வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம்.

டெல்டாப் பக்கத்து ஆசிரியர்கள் பார்த்தவுடன் சொல்லிவிட்டீர்கள். ஆம், சீவாளிதான். நாகசுரம் என்பதா, நாதசுரம் என்பதா என்ற வழக்கை இன்று எடுக்க வேண்டாம். இரண்டுக்கும் வாய் இதுதான்.

கருவியின் உடலுக்கு உலவு என்று பெயர். இரண்டரை அடி போல நீளம். மேலிருந்து கீழே வரவர உட்புறம் அகன்றுகொண்டே போகும். முன்பக்கம் விரலுக்கு ஏழு துளைகள். அவற்றுக்குக் கீழே இன்னும் ஐந்து துளைகள். அவற்றில் விரல் படாது, மெழுகு வைத்து நாதத்தைச் சரிசெய்வதற்கானவை. அடியில் விரிந்திருப்பது அணசு. உச்சியில் ஒரு சின்ன உலோகக் குழாய் செருகியிருக்கும், அது கெண்டை. கெண்டையின் மேல் உட்காருவது நீங்கள் கையில் வைத்திருக்கும் சீவாளி.

உலவைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022ஆம் ஆண்டு மார்ச்சில் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், ஆண்டுக்கணக்கில் ஈரம் வற்றிய ஆச்சா மரத்தை வாங்கிக் கடைகிறார்கள். நல்ல உலவு ஒன்று தாத்தாவிடமிருந்து பேரனுக்குப் போகும். சீவாளி அப்படியில்லை. எச்சில் ஊறும், உதடு அழுத்தும், நுனி பிளக்கும், ஒருநாள் பேசாமல் நின்றுவிடும். வித்வானின் கருவியில் எப்போதும் நாலைந்து சீவாளிகள் நூலில் தொங்கும். அவற்றைத் திறந்து சுத்தம் செய்ய ஓர் ஊசியும் கூடவே தொங்கும். முன்பு அது யானைத் தந்தம், இப்போது வேறு பொருள்கள். முகூர்த்த நேரத்தில் ஒன்று மக்கர் செய்தால், கெட்டிமேளத்துக்குள் அடுத்தது ஏறியாக வேண்டும். மாற்றிப் போட்டே ஆகவேண்டிய இந்தத் தேயும் பகுதிகளைச் செய்யும் ஒரு சின்னப் பட்டறையைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

அந்தப் பட்டறை எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் அளவியல் நடத்திக்கொண்டிருந்தேன். கூம்பின் இடைக்கண்டம். சூத்திரம் எழுதி, வாளி, விளக்கு மூடி என்று வழக்கமான கணக்குகளைப் போட்டோம். பிறகு, "இடைக்கண்டத்தை நெடுக வெட்டித் தாளில் விரித்தால் என்ன வடிவம் வரும்? வரையுங்கள்" என்றேன். வகுப்பில் ஏறத்தாழ எல்லோரும் சரிவகம் வரைந்தார்கள். பெரியவர்களும் முதலில் அதைத்தான் வரைவோம். ஒரே ஒரு மாணவி மட்டும் மேலும் கீழும் வளைவு போட்டிருந்தாள். கவராயம்கூட இல்லாமல், கைப்பழக்கத்தில் வந்த வளைவு. பெயரைச் சொல்லப்போவதில்லை; ஏன் என்பது பிறகு வரும்.

வகுப்பு முடிந்து கேட்டபோது சின்னக் குரலில் சொன்னாள்: "வீட்டுல தகடு வெட்டுவேன் டீச்சர். நேரா வெட்டுனா வாய் ஒட்டாது." கெண்டை செய்யும் தகட்டைத்தான் சொன்னாள். அந்தச் சனிக்கிழமை அவள் தாத்தாவின் பட்டறைக்குப் போனேன்.

பட்டறை என்றால் வீட்டின் முன்கூடம்தான். உத்தரத்தில் கொறுக்கைத் தட்டைக் கட்டுகள். ஆற்றங்கரையில் வளரும் நாணல் வகை அது. முன்பு எட்டிப் பறிக்கும் தூரத்தில் கிடைத்தது, இப்போது அலைந்து தேட வேண்டியிருக்கிறது என்றார் பெரியவர். வெட்டிக் கொண்டுவந்ததும் கட்ட முடியாது. உலர்த்துவது, ஊறவைப்பது, அவிப்பது, மறுபடி உலர்த்தி மாதக்கணக்கில் சும்மா கிடக்கவிடுவது என்று வரிசையாக வேலை இருக்கிறது. இந்தப் பக்குவம் வீட்டுக்கு வீடு வேறு. எங்கள் அம்மாவின் வடுமாங்காய் பக்கத்து வீட்டில் வராதது மாதிரி. பிறகு அளவாக நறுக்கி, ஒரு முனையை இரண்டு உதடு போலத் தட்டையாக்கி, மறுமுனையை வட்டமாக நிறுத்தி நூல் சுற்றி, கத்தியால் சீவுகிறார். அலமாரியில் வரிசையாகத் தகர டப்பாக்கள், மேலே சாக்பீஸில் கட்டை எண்கள். சுருதி வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார். பெரிய பாரி நாகசுரத்துக்கு இரண்டு, இரண்டரைக் கட்டை. குட்டையான திமிரிக்கு அதைவிட மேலே.

சீவிக்கொண்டே இருந்தவரிடம் நான் கணக்கு டீச்சர் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "ஐயா, நுனி எத்தனை மில்லிமீட்டர் தடிமன் இருக்கணும்?"

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "யாருக்கு டீச்சரம்மா?" என்றார்.

இந்த இரண்டு சொல்லைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. வாசிப்பவரின் மூச்சு எப்படி, உதடு எப்படி, எந்த உலவு, கோயில் பிரகாரத்தில் வாசிப்பவரா, மைக் முன்னால் உட்காருபவரா என்பதை எல்லாம் வைத்துத்தான் தடிமன். சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஒரு தடவை ஊதுகிறார், கேட்கிறார், இன்னும் ஒரு இழுப்பு சீவுகிறார். வித்வான்கள் வந்தால் பத்து ஊதிப் பார்த்து மூன்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் தள்ளியது மோசமான சீவாளி என்று அர்த்தமில்லை. மறுநாள் வருகிறவர் அதையே எடுத்துப் போவார். உலவிலும் இப்படி நடந்திருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்து செய்து பார்த்து, சுத்த மத்தியமம் சரியாகப் பேசும் பாரி நாகசுரத்தைக் கொண்டுவந்தார்கள். வாசிப்பவரும் செய்பவரும் எதிரெதிரே உட்கார்ந்து செய்த ஆராய்ச்சி அது.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன், "டீச்சர், முப்பரிமாண அச்சுல போட்டுட்டா வேலை முடிஞ்சுதே?" என்றான். நல்ல கேள்வி. கெண்டையைப் போடலாம். சீவாளியை? போடலாம் என்றே வைத்துக்கொள்வோம். எந்தச் சீவாளியை அளந்து அச்சுக்குக் கொடுப்பது? பின்வரிசையிலிருந்து யாரோ, "யாருக்கு டீச்சரம்மா?" என்றார்கள். வகுப்பே சிரித்தது.

சரி, அளவு உண்டு என்று சொல்லக்கூடிய கெண்டைக்கு வருவோம். கணித ஆசிரியர்கள் பேனாவை எடுங்கள். வகுப்புக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை, பட்டறை அளவு இல்லை. பருத்த முனை விட்டம் 8 மி.மீ., சிறுத்த முனை 4 மி.மீ., சாயுயரம் 40 மி.மீ. ஆரங்கள் 4, 2. முழுக்கூம்பாக நீட்டினால் சாயுயரம் 80 வரும். ஆக, விரித்த தகடு என்பது 80 மி.மீ. ஆரமுள்ள வட்டக்கோணப்பகுதியிலிருந்து 40 மி.மீ. ஆரமுள்ளதை நீக்கியது. கோணம் வெறும் 18 பாகை. வளைபரப்பை இரண்டு வழியில் போட்டுப் பாருங்கள்: சூத்திரப்படி π × (4 + 2) × 40, வட்டக்கோணப்பகுதிகளைக் கழித்தாலும் அதே 754 ச.மி.மீ. சொச்சம். இரண்டு விடையும் ஒன்றாக வரும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இப்போது சரிவகமாக நேர்க்கோட்டில் வெட்டினால் என்ன ஆகும்? வில்லுக்கும் நாணுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, பருத்த முனையில் 80 × (1 − கொசைன் 9°). கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். சுருட்டினால் விளிம்பு அலையலையாக நிற்கும். அரத்தால் தேய்த்துச் சமன் செய்தால் நீளம் போய்விடும். "நேரா வெட்டுனா வாய் ஒட்டாது" என்று அந்தப் பெண் சொன்னது இந்த ஒரு மில்லிமீட்டரைத்தான். தாத்தாவிடம் இதற்காகவே ஒரு பழைய மாதிரித் தகடு இருக்கிறது. அதைப் பித்தளைமேல் வைத்துக் கீறி, வெட்டி, ஒருபக்கம் சிறுத்த இரும்புக் கம்பியில் சுருட்டித் தட்டி, பற்றவைக்கிறார். அந்தத் தகட்டை யார் முதலில் வெட்டினார்கள் என்று அவருக்குத் தெரியாது. யாரோ ஒருவர் 18 பாகை என்ற சொல் இல்லாமலேயே அந்த வளைவைக் கண்டுபிடித்திருக்கிறார்.

அறிவியல் ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியரோடு சேர்ந்து இரண்டு பாடவேளை எடுத்தேன். காற்றில் ஒலியின் வேகம் 331 + 0.6t. மார்கழி விடியலில் 20 டிகிரி என்றால் 343 மீ/வி. சித்திரை நண்பகல் 35 டிகிரியில் 352. சுமார் 2.6 விழுக்காடு கூடுதல். குழல் நீளம் மாறவில்லை, ஆகவே அதிர்வெண்ணும் அதே விகிதத்தில் ஏறும். அது ஓர் அரைச்சுரத்தில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு, கேட்கிற காதுக்கு நன்றாகவே தெரியும். வாசிப்பவரின் மூச்சுச் சூடும் ஈரமும் கணக்கைக் கொஞ்சம் மாற்றும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பக்கத்தில் விரல்துளை இல்லாத ஒத்து ஊதினால் கவலை குறைவு, அதுவும் குழல்தான், கூடவே ஏறும். மின்சுருதிப் பெட்டி ஏறாது! அப்போது என்ன செய்வது? கெண்டையைச் சற்று மேலே இழுத்தால் குழல் நீண்டு சுருதி இறங்கும். 80 செ.மீ. காற்றுத் தம்பத்துக்கு 2.6 விழுக்காடு என்பது இரண்டு செ.மீ.க்கு மேல். அவ்வளவு இழுக்கக் கெண்டையில் இடமில்லை. மீதியைச் சீவாளியும் உதடும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஒரே வித்வான் ஒன்றுக்கு நாலாக வாங்கிப் போகிறார்.

பதினோராம் வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒன்று. ஆர்கன் குழாய் நடத்தும்போது, ஒரு முனை மூடிய குழாயில் ஒற்றைச் சீரிசைகள் மட்டும் வரும் என்கிறோம். கிளாரினெட் அப்படித்தான். வாய்முனை மூடியது போல நடந்துகொள்ளும், உட்புறம் பெரும்பாலும் உருளை. பலமாக ஊதி மேலே போனால் அடிப்படை அதிர்வெண்ணின் மூன்று மடங்குக்குத் தாவும். நாகசுரத்திலும் சீவாளி முனை மூடியதுதானே, அதுவும் மூன்று மடங்குக்குத்தானே தாவ வேண்டும்? தாவுவதில்லை. இரண்டு மடங்கு, அதாவது மேல் ஸ்தாயி ஷட்ஜம். காரணம் கூம்பு வடிவம். கூம்புக் குழலில் எல்லாச் சீரிசைகளும் வரும். பாடநூல் சொல்வது உருளைக் குழாய்க்கு மட்டும் என்பது மாணவருக்கு இங்கேதான் உறைக்கும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பூவரசு இருக்கிறது. இலையைச் சுருட்டி, சிறுத்த முனையை விரலால் அமுக்கி ஊதும் பீப்பி உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே செய்வதுதான். உற்றுப் பாருங்கள். சுருட்டியது கூம்பு, அமுக்கிய முனை சீவாளி. நாகசுரத்தின் அமைப்பு முழுக்க அதில் இருக்கிறது. நீளமான இலை, குட்டையான இலை இரண்டையும் ஊதச் சொல்லி எது கனத்த சத்தம், எது கீச்சுச் சத்தம் என்று கேட்டால் மூன்றாம் வகுப்புக்குப் போதும். ஒருவர் ஊதியதை இன்னொருவர் வாயில் வைக்கக் கூடாது, ஆளுக்கொரு இலை. பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னது எளிது. எனக்கு எளிதாக இல்லாத ஒன்று இருக்கிறது.

இரண்டாம் முறை பட்டறைக்குப் போனபோது அந்தப் பெண்ணின் அம்மா என்னை அடுப்படிப் பக்கம் அழைத்தார். "டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. அவ இதைக் கத்துக்கறதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா பள்ளிக்கூடத்துல எல்லார் முன்னாடியும் சீவாளி கட்டுற வீட்டுப் பொண்ணுன்னு ஆயிடக் கூடாது. கணக்கு நல்லாப் போடறா, அவ்வளவுதான் தெரியணும்."

அந்த அம்மா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன். நம் ஊர்களில் ஒரு பிள்ளையை எழுப்பி "உங்கள் வீட்டில் என்ன தொழில்?" என்று கேட்பது பல நேரங்களில் "நீ என்ன சாதி?" என்று கேட்பதுதான். கேட்கும் நமக்கு அந்த எண்ணம் இல்லாமல் இருக்கலாம். கேட்டுக்கொண்டிருக்கும் நாற்பது பேருக்கும் பதில் வேறாகப் போய்ச் சேரும். கைத்தொழிலைப் பள்ளியோடு இணைக்கிறோம் என்ற பேச்சு தமிழ்நாட்டில் புதிதும் இல்லை. 1953இல் தொடக்கக் கல்வியில் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. மக்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்றே அழைத்து எதிர்த்தார்கள், 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. பிள்ளை தகப்பன் தொழிலிலேயே நின்றுவிடக் கூடாது என்றுதான் அந்தப் போராட்டம். நாம் பலரும் இன்று இந்த அறையில் உட்கார்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் பட்டறையை வகுப்புக்குள் கொண்டுவரவே கூடாதா? கொண்டுவரலாம் என்பது என் கருத்து. பொருளைக் கொண்டுவாருங்கள், பிள்ளையை முன்னால் நிறுத்தாதீர்கள். கெண்டைத் தகட்டை நாற்பது பேரும் வெட்டட்டும். சுருதிக் கணக்கை எல்லாரும் போடட்டும். சீவாளி யார் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. நீங்கள் கடையில் வாங்கி வந்தீர்கள். உண்மையிலேயே காசு கொடுத்து வாங்குங்கள். "பள்ளிக்குத்தானே, ஒன்று சும்மா கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். ஒரு சீவாளிக்குள் மாதங்களின் காத்திருப்பு இருக்கிறது. முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் மட்டும் பட்டறைக்குப் போகாதீர்கள், பெரியவரே என்னிடம் கேட்டுக்கொண்டது இது. நாடகம் போட்டுக் காட்டும் தொழில்நாள் விழாக்களில், நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கே நெசவாளர் வேடம் கொடுக்கும் வழக்கத்தையும் இந்த இடத்தில் விட்டுவிடலாம் என்று சொல்லிக்கொள்கிறேன். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை.

இந்த முறையில் ஓர் இழப்பும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. எது ஒட்டும், எது ஒட்டாது என்பது அவள் விரலுக்குத் தெரியும். அவளே வகுப்பு எடுத்திருந்தால் என்னைவிட நன்றாக எடுத்திருப்பாள். அதைச் செய்வதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்ய வேண்டும். ஒருநாள் தானாக எழுந்து, கரும்பலகையில் மாதிரித் தகட்டின் படத்தைப் போட்டுக் காட்டினாள். எங்கிருந்து தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவிடவும் இல்லை. இப்போது பதினோராம் வகுப்பில் கணிதப் பிரிவில் படிக்கிறாள். மாலையில் இன்னும் நூல் சுற்றுகிறாளா என்று நான் விசாரிப்பதில்லை. தாத்தாவின் டப்பாக்களில் இரண்டரைக் கட்டை டப்பா மட்டும் சீக்கிரம் காலியாகிவிடுகிறது, கட்ட ஆள் போதவில்லை என்று போன மாதம் அவர் சொன்னார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? தெரியாமல்தான் எழுந்து வந்தேன்.

நேரம் ஆகிவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மேசைக்கு ஒரு கத்தரிக்கோல், சார்ட் தாள், கவராயம் வைத்திருக்கிறேன். அளவுகளை இரண்டு மடங்காக்கிக்கொள்ளுங்கள், சின்னதை வெட்டினால் கண் வலிக்கும். ஒரு பக்கத்தில் நேர்க்கோட்டில் வெட்டிய சரிவகம், மறுபக்கத்தில் வளைவோடு வெட்டியது, இரண்டையும் சுருட்டி மேசைமேல் நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள். தொடக்கப் பள்ளிக்காரர்களுக்கு அந்த மூலையில் ஈரத்துணிக்குள் பூவரசு இலைகள் இருக்கின்றன. காலையில் பறித்தவை, வாடுவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள். சீவாளி எந்த மேசையில் நிற்கிறது? அதை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.